கவுன்சிலருக்கான விதியை மாற்றுவது யார் கையில்? டெல்டா நகரங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடிப் பக்கம் தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். சாக்கடைக்கு மனு எழுத உட்கார்ந்தால் பேச்சு கவுன்சிலரிடம் போகும், அங்கிருந்து சட்டத்துக்குப் போகும். ஊர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

1. கவுன்சிலர்னா எப்படி இருக்கணும்னு எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா, இல்ல அவங்க இஷ்டம்தானா?

எழுதி வைத்திருக்கிறார்கள். மேல்படியில் இந்திய அரசியலமைப்புச் சட்டம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 74-ஆவது திருத்தம், ஐந்தாண்டுப் பதவிக்காலம், இடஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அடுத்த படி, சட்டமன்றம் இயற்றிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 2023 ஏப்ரல் 13-இல்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை நம் நகராட்சிகள் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஓடின.

மூன்றாவது படி, அந்தச் சட்டத்தின் கீழ் அரசு அரசிதழில் வெளியிடும் விதிகள். 2023-இல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் அப்படிப்பட்டவை. கீழே, மன்றமே போட்டுக்கொள்ளும் துணை விதிகள். அதற்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். உங்கள் குறை இதில் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியாமல் மனு எழுதினால், பதில் வராத மனுவாகத்தான் அது கிடக்கும். கீழே பல பதில்களில் இந்தப் படிக்கணக்கு திரும்ப வரும்.

2. கும்பகோணம் மாநகராட்சி ஆயிடுச்சே, நமக்குன்னு தனிச் சட்டம் எழுதிக்க முடியாதா? அமெரிக்காவுல ஊருக்கு ஊர் எழுதிக்கிறாங்களாமே?

அங்கே பல மாநிலங்களில் அந்த உரிமை உண்டு. நகரத்துக்கென ஒரு சாசனம், அதை எழுதவும் திருத்தவும் ஒரு குழு, கடைசியில் ஊர் மக்களின் வாக்கெடுப்பு. 1875-இல் மிசௌரி மாநில அரசியலமைப்பு முதன்முதலில் இந்த உரிமையைக் கொடுத்தது, செயின்ட் லூயிஸ் நகரம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. கவுன்சிலர் எத்தனை பேர், எத்தனை முறை நிற்கலாம், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அந்தச் சாசனத்தில் இருக்கும்.

இங்கே அப்படிக் கிடையாது. சென்னை மாநகராட்சி 1688-இல் ஓர் அரச சாசனத்தின் பேரில் பிறந்ததுதான், ஆனால் அது லண்டனில் எழுதப்பட்டது, சென்னைவாசி எவரும் அதில் ஓட்டுப் போடவில்லை. தஞ்சாவூருக்கு 2013-இல் தனியாக ஒரு மாநகராட்சிச் சட்டம் வந்தது. பெயரில்தான் தஞ்சாவூர், உள்ளே பெரும்பாலும் கோவையின் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொருத்திக்கொள்ளச் சொல்லும். இப்போது அந்தத் தனிச் சட்டங்களும் போய், தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி, பேரூராட்சியான சுவாமிமலை எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம். ஆகவே நம் ஊர் விதி நம் ஊரில் மாறாது. கோட்டையில்தான் மாறும்.

3. யாரு வேணாலும் கவுன்சிலருக்கு நிக்கலாமா? படிப்பு வேணாமா?

21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த நகரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். படிப்புத் தகுதி கிடையாது. சில மாநிலங்கள் கொண்டுவந்த இரண்டு குழந்தை விதியும் தமிழ்நாட்டில் இல்லை. அதே நகராட்சியில் ஒப்பந்த வேலை கையில் இருந்தால் நிற்க முடியாது. வரி பாக்கிக்கு நோட்டீஸ் வந்து கட்டாமல் இருந்தாலும் சிக்கல்தான். வேட்புமனு வாரத்தில் வரி வசூல் கவுன்டரில் திடீரென்று கூட்டம் சேருவது இதனால்தான்.

படிப்பு கட்டாயம் ஆக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மழைத் தண்ணீர் எந்தச் சந்தில் தேங்கி எந்தச் சந்தில் வடியும் என்று தெரிந்தவர் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஒப்பந்த விதி உறவினர் பெயரில் எடுக்கும் வேலையையும் பிடிக்கும்படி இறுக வேண்டும் என்றால், அதற்கு நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

4. எங்க வார்டு பெண்கள் வார்டு. ஜெயிச்சது அவங்க, ஆனா எல்லாத்துக்கும் வீட்டுக்காரர்தான் வர்றார். இது செல்லுமா?

செல்லாது. மன்றத்தில் உட்காரவும் பேசவும் கையெழுத்திடவும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டுமே உரிமை. கணவர், மகன், மைத்துனர் யாரானாலும் அலுவலகக் கோப்பைக் கேட்கவோ பணியாளருக்கு உத்தரவு போடவோ முடியாது. பார்த்தால் ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள்.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது அரசியலமைப்பு சொல்லும் குறைந்த அளவு. அதைப் பாதியாக உயர்த்தியது 2016-இல் நம் சட்டமன்றம். 2022 தேர்தலில் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு வந்தன. குறை ஒதுக்கீட்டில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மனுவை அவர் கையிலேயே கொடுங்கள், அவர் பெயரையே எழுதுங்கள், போனில் வீட்டுக்காரர் எடுத்தால் "அம்மாவிடம் கொடுங்கள்" என்று கேளுங்கள். தெரு கேட்க ஆரம்பித்த இடங்களில் அந்தப் பெண்களே மன்றத்தில் எழுந்து பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

5. கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா?

மதிப்பூதியம் உண்டு, 2023 ஜூலை முதல். மாதம் மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000 ரூபாய், நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500. மேயருக்கு 30,000, நகராட்சித் தலைவருக்கு 15,000. இது அரசு அறிவித்த தொகை, மன்றம் தானே ஏற்றிக்கொள்ள முடியாது.

6. வாய்க்கால் தூர் வாரலைன்னா கவுன்சிலரைத்தானே பிடிக்கணும்?

எந்த வாய்க்கால் என்பதைப் பொறுத்தது. தெரு ஓரச் சாக்கடை, மழைநீர் வடிகால் நகராட்சியுடையது. பாசன ஆறும் வாய்க்காலும் நீர்வளத்துறையுடையது. தஞ்சாவூர் நடுவே ஓடும் புது ஆறு, கும்பகோணத்துக்குத் தெற்கே போகும் அரசலாறு எல்லாம் அந்தத் துறையின் பொறுப்பு. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்குள் தூர் வார வேண்டியதும் அவர்களே. ஊருக்குள் வந்த பாசன வாய்க்கால் சாக்கடையாக மாறிப்போன இடத்தில்தான் தகராறு: தண்ணீர் நகராட்சியுடையது, தரை துறையுடையது, இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

இதில் கவுன்சிலரால் செய்ய முடிந்தது, மன்றத்தில் தீர்மானம் போட்டு நீர்வளத்துறைக்கு அனுப்ப வைப்பது. அதைச் செய்தாரா என்று கேளுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கேட்பதைவிட ஆனியில் கேட்பது பலன் தரும்.

7. ஜெயிச்சுப் போனவர் தெருப்பக்கமே வரல. ஓட்டுப் போட்ட நாங்களே அவரை எடுக்க முடியாதா?

தமிழ்நாட்டில் வாக்காளர் திரும்ப அழைக்கும் உரிமை இல்லை. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்கச் சட்டத்தில் இடம் வைத்து, வாக்கெடுப்பும் நடத்தியிருக்கிறார்கள். இங்கே பதவி போக வேறு வழிகள்தான் உண்டு. தொடர்ந்து மூன்று மாதம் மன்றக் கூட்டங்களுக்கு வராமல் இருப்பது ஒன்று. பதவியைத் தவறாகப் பயன்படுத்தினால் விளக்கம் கேட்டு அரசு நீக்குவது இன்னொன்று. 2025-இல் சென்னை, தாம்பரம் மாநகராட்சிகளில் கவுன்சிலர்களை அப்படி நீக்கினார்கள். லஞ்சம் என்றால் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கவுன்சிலரும் பொது ஊழியரே. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்க அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்திலும் (ஆம்பட்ஸ்மேன்) புகார் கொடுக்கலாம்.

திரும்ப அழைக்கும் சட்டம் வேண்டுமா என்றால், வார்டு அளவில் எனக்கு அச்சம் உண்டு. சில ஆயிரம் ஓட்டுள்ள வார்டில், தோற்றவர் மறுநாளே கையெழுத்து வேட்டையைத் தொடங்கிவிடுவார். நான் கேட்பது வேறு. மூன்று மாத விதி மன்றக் கூட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் காரேறினாலும் வருகைதான். தெருவில் கூட வேண்டிய பகுதி சபையைக் கூட்டாமல் இருந்தாலும் பதவிக்கு எந்த ஆபத்தும் இல்லை. பகுதி சபையைத் தொடர்ந்து கூட்டாததும் வராததாகவே கணக்கில் வர வேண்டும். கவுன்சிலருக்கான விதிகளில் ஒன்றைத்தான் மாற்றலாம் என்றால் நான் இதைத்தான் மாற்றுவேன்.

8. பகுதி சபைன்னா என்ன? கிராம சபை மாதிரியா?

ஊராட்சிக்குக் கிராம சபை எப்படியோ அப்படித்தான் நகரத்துக்கு இது. 2022 ஜூனில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் அரசிதழில் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் மாநிலம் முழுவதும் நடத்தினார்கள். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள வாக்காளர் எல்லோரும் கலந்துகொள்ளும் கூட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், தலைமை கவுன்சிலருடையது.

இதன் அருமை ஒரு கணக்கில் தெரியும். வார்டு குழுவை அரசியலமைப்பு கட்டாயமாக்குவது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டும். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் சுமார் 2.2 லட்சம், கும்பகோணம் 1.4 லட்சம். டெல்டாவில் திருச்சியை விட்டால் எந்த ஊரும் அந்த வரம்புக்குள் வராது. மாநில விதி வந்ததால்தான் பாபநாசத்துக்கும் குத்தாலத்துக்கும் இந்த உரிமை கிடைத்தது. வந்த உரிமையைக் கூட்டம் போடாமலே தூங்கவிட்டால் நட்டம் நமக்கு.

9. ஒரு கட்சியில ஜெயிச்சு இன்னொரு கட்சிக்குப் போயிட்டார். பதவி போகாதா?

போகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும். உள்ளாட்சிக்கு வேண்டுமானால் மாநிலம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். மகாராஷ்டிரம் 1986-இலும் கேரளம் 1999-இலும் இயற்றின. தமிழ்நாட்டில் இல்லை.

கொண்டுவந்தால் மேயர் தேர்தல், நம்பிக்கையில்லாத் தீர்மானம் இரண்டுக்கு மட்டும் பொருந்தும்படி கொண்டுவர வேண்டும். குப்பைக் கிடங்கை எங்கே வைப்பது என்பதில்கூடக் கட்சி உத்தரவுப்படிதான் கை தூக்க வேண்டும் என்றால், வார்டுக்கு ஓர் ஆள் எதற்கு?

10. மேயரை நாமளே நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோமே, அதை யாரு மாத்துனா?

சட்டமன்றம் மாற்றியது, ஒரு முறையோடு நிற்கவில்லை. 1996-இலும் 2001-இலும் நேரடித் தேர்தல். 2006-இல் கவுன்சிலர்கள் வழியாக மறைமுகத் தேர்தல். 2011-இல் மறுபடி நேரடி. 2016-இல் மறைமுகம் என்று திருத்தினார்கள், ஆனால் தேர்தலே நடக்கவில்லை. 2018-இல் நேரடி என்று திருப்பினார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். அப்படித்தான் 2022 பிப்ரவரி 19-இல் நாம் கவுன்சிலருக்கு மட்டும் ஓட்டுப் போட்டோம், மார்ச் 4-இல் அவர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டு முறைக்கும் நியாயம் சொல்லலாம். நேரடியாக வந்தவருக்கு ஊர் முழுவதும் கடமை இருக்கும், ஆனால் மன்றம் எதிர்க்கட்சியிடம் போனால் பட்ஜெட்டே நிறைவேறாது. மறைமுகமாக வந்தவருக்கு மன்றம் துணை நிற்கும், ஆனால் அவர் கவுன்சிலர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ள வேண்டியிருக்கும். என்னைப் பொறுத்தவரை எந்த முறை என்பதைவிட எப்போது மாற்றுகிறார்கள் என்பதே பெரிய கேள்வி. 1996-இலிருந்து எண்ணிப் பாருங்கள், யாருக்குச் சாதகம் என்று பார்த்துப் பார்த்துத் திருப்பிய மாதிரிதான் தெரிகிறது. இந்த விதியைத் திருத்தினால் அடுத்த தேர்தலை விட்டு அதற்கு அடுத்த தேர்தலிலிருந்துதான் செல்லும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், பாதி ஆட்டம் நின்றுவிடும்.

11. அந்தக் காலத்துல குடவோலைன்னு இருந்துச்சே, அது இதைவிடக் கறாராமே?

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்கிறீர்கள். ஊர் காஞ்சிபுரம் பக்கம், அரசன் நம் சோழன் முதலாம் பராந்தகன். அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு மட்டுமில்லை. கி.பி. 919-இல் ஒரு விதித்தொகுப்பு வெட்டினார்கள், இரண்டே ஆண்டில், 921-இல், அதைத் திருத்தி இன்னொன்று வெட்டினார்கள். முதலில் உறுப்பினர் வயது 30 முதல் 60, திருத்தத்தில் 35 முதல் 70. 30 குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுச் சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு கழித்தே மறுபடி வரலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்குத் தடை. திருத்தத்தில் அந்தத் தடையை அவருடைய உறவினர் வரை, யார் யார் என்று முறை சொல்லியே நீட்டினார்கள்.

அது பிராமணர் சபை, நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டுமானது. இன்றைய 21 வயது வாக்காளர் எவரும் நிற்கலாம் என்ற விதியோடு அதை ஒப்பிட்டு ஏங்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது, அவர் வீட்டாரும் வரக் கூடாது என்ற கறார். 3-ஆம் பதிலில் உறவினர் பெயரில் எடுக்கும் ஒப்பந்தம் பற்றிச் சொன்னேனே, அதற்கான விதையை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

12. ஒரு விதியை மாத்தணும்னா தெருக்காரங்க நாங்க எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

7-ஆம் பதிலில் நான் கேட்ட மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் அதை இரண்டாகப் பிரியுங்கள். பகுதி சபைக்கு எத்தனை நாள் முன்பு அறிவிப்பு, எங்கே ஒட்டுவது, நடவடிக்கைக் குறிப்பை எங்கே வைப்பது என்பவை விதியில் மாற்ற வேண்டியவை. சட்டமன்றம் வரை போக வேண்டாம், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை அரசிதழில் திருத்தம் வெளியிட்டால் முடிந்தது. ஆனால் கூட்டாதவருக்குப் பதவி போக வேண்டும் என்பது தகுதியிழப்பு. அது சட்டத்தில்தான் ஏற வேண்டும். மசோதா, சட்டமன்றம், ஆளுநர் ஒப்புதல், அரசிதழ் என்று வரிசையாகப் போகும்.

அடுத்து, கோரிக்கையைப் பகுதி சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். அங்கிருந்து மன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மன்றக் கூட்டத்தின் பொருள் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பொருளுக்கும் எண் இருக்கும், கீழே "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும். ஐம்பது, அறுபது பொருள்கள், பெரும்பாலும் மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, பிளீச்சிங் பவுடர். ஒருவர் வேகமாகப் படிக்க, "ஆல் பாஸ்" என்று குரல் வரும், கூட்டம் முடியும். உங்கள் கோரிக்கைக்கும் அந்தத் தாளில் ஓர் எண் விழ வேண்டும். எண் விழுந்தால்தான் தீர்மானப் புத்தகத்தில் ஏறும், ஏறினால்தான் அரசுக்குப் போகும். மன்றத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பத்து நகராட்சியிலிருந்து ஒரே தீர்மானம் போனால் கோட்டையில் ஒரு கோப்பு திறக்கும்.

கூடவே எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் இதைப் பேசலாம். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது அங்கேயும் கொடுக்கலாம். தீர்மான நகல் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

13. இப்படியெல்லாம் கேட்டு எதுவாவது மாறியிருக்கா? சும்மா அலைய விடுறீங்களே.

மாறியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல காலம் கேட்டு வந்ததன் பலனாக, 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இரண்டு திருத்த மசோதாக்களை நிறைவேற்றியது. நகர்ப்புற மன்றங்களிலும் ஊரக உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்க வழி வந்தது. கவுன்சிலர் யார் என்ற விதியே மாறிய திருத்தம் இது.

நியமன உறுப்பினருக்கு மன்றத்தில் ஓட்டுரிமை இல்லை. அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது, 1-ஆம் பதிலில் சொன்ன மேல்படி அது. ஆனால் பேசலாம். பேருந்து நிலையக் கழிப்பறைக்குச் சாய்தளம் இல்லை என்று மன்றத்துக்குள் உட்கார்ந்தே கேட்க ஓர் ஆள் இருப்பது, வாசலில் மனுவோடு நிற்பதைவிடப் பல மடங்கு மேல்.

14. மேயர் சரியில்லைன்னா கவுன்சிலர்கள் சேர்ந்து இறக்கிடலாம்ல?

சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் மாநகராட்சியில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர் வேண்டும். 48 வார்டுள்ள கும்பகோணத்தில் என்றால் 39 பேர். 2024-இல் திருநெல்வேலியிலும் காஞ்சிபுரத்திலும் கொண்டுவந்த தீர்மானங்கள், கூட்ட நாளன்று கவுன்சிலர்களே வராததால் விழுந்தன. இடையில் என்ன பேசி முடித்தார்கள் என்பது மக்களுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டவர் வராவிட்டால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்ற விதி இல்லாதது பெருங்குறை.

15. அடுத்த தேர்தல் எப்ப? தள்ளிப் போட்டா என்ன செய்யறது?

2022 மார்ச் 2-இல் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு. ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்கு 2022 வரை தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். வார்டு மறுவரையறை முடியவில்லை, ஒதுக்கீடு முடியவில்லை, வழக்கு இருக்கிறது என்று காரணங்கள் வரிசையாக வந்தன. மறுவரையறையைக் காட்டித் தேர்தலை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2022-இல் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இனி அந்தக் காரணத்தை ஏற்க வேண்டாம்.

கும்பகோணத்துக்கு இதில் தனி அவசரம் உண்டு. 2028-இல் மகாமகம். 2016 மகாமகத்தின்போது தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது. இந்த முறை இலட்சக்கணக்கானோர் வந்திறங்கும்போது, எந்தத் தெருவை அடைப்பது, எங்கே கழிப்பறை வைப்பது என்பதைத் தனி அலுவலர் ஒருவர் மட்டும் முடிவு செய்யும் நிலை வரக் கூடாது. வார்டு எல்லையோ ஒதுக்கீடோ மாறினால் வரைவு வெளியாகி ஆட்சேபம் கேட்பார்கள். அந்த நாள்களைத் தவறவிடாதீர்கள், உங்கள் தெரு எந்த வார்டில் வருகிறது என்று பார்த்து, தவறு இருந்தால் அப்போதே எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் பெற்ற நகலை வைத்துக்கொள்ளுங்கள்.